ஐப்பசியில் ஏரியைச் சுற்றி

செங்கற்பட்டுப் பிரதேசத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. மதுராந்தகத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தவருக்கு, ஒரு கரை கண்ணை விட்டு மறைந்த சிறிது நேரத்துக்குள் இன்னொரு கரை தென்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தும், பறவை பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டானதும் ஜனங்கள் நேரே வேடந்தாங்கலுக்குத்தான் புறப்படுகிறார்கள். வேடந்தாங்கலின் பெருமையைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. தங்கள் ஏரியில் கூடு கட்டிய பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டு விளையாடுவதைப் பொறாத அவ்வூர்க் குடியானவர்கள், 1798-ஆம் ஆண்டு வாக்கில், ஜில்லாக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பத்திரம் பெற்றார்கள் என்பதும், பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரமாகிறது என்ற லௌகிக ஞானம் அவர்களுக்கு இருந்தது என்பதும் பிரசித்தமான விஷயங்கள். ஆனால் அது கூடு கட்டும் பறவைகளின் ஏரி. மழை பெய்து, நீர்க்கடம்பு மரங்களின் அடி தண்ணீரில் மூழ்கிய பிறகே நாரைகளும் கொக்குகளும் அங்கே குடித்தனம் ஆரம்பிக்கின்றன. ஐப்பசி ஆரம்பத்தில் அங்கே போய், வற்றிய தரையையும் வெறும் மரங்களையும் பார்த்துவிட்டு மனத்தாங்கலுடன் திரும்புகிறவர்கள் வருஷந்தோறும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், தங்கள் ஊர் ஏரியையே ஒரு காலைப் பொழுதில் நிதானமாகச் சுற்றிவர நினைக்கும் சிறு கூட்டத்தாருக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

ஏரி நடைக்குப் போகிறவர் முதலில் கற்க வேண்டியது பறவைகளின் பெயர் வரிசை என்று பலரும் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது இரண்டாம் பாடம். முதற் பாடம், எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதுதான். பறவையின் காலும் கழுத்தும் அலகும் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கென்றே அமைந்தவையாதலால், விரற்கடையளவு நீரில் இரை பொறுக்கும் உள்ளான் முழங்காலளவு நீருக்கு வருவதில்லை. முழங்காலளவு நீரில் தவம் செய்யும் நாரை ஆளுயர ஆழத்துக்கு இறங்குவதில்லை. நம் ஏரிகளின் அமைப்பு இந்த ஆராய்ச்சிக்கு வெகு அனுகூலமானது. கிழக்குச் சமவெளியில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், தண்ணீரை மறித்து எழுப்பிய கரை ஏரியின் கிழக்குப் பக்கத்தில் நிற்கிறது. கரையை ஒட்டி ஆழம், மேற்கே போகப் போக ஆழங்குறைந்த நீர், அதற்கப்பால் சேறு, சேற்றுக்கப்பால் மாடு மேயும் புல்தரை. இந்த வரிசையை மனத்தில் வாங்கிக்கொண்டவர், பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே, எந்தப் பக்கத்தில் எந்த இனத்தை எதிர்பார்க்கலாம் என்று பாதிக்கு மேல் சொல்லிவிடுவார். இதிலேயே இன்னொரு சௌகரியமும் அடங்கியிருக்கிறது. காலையில் கரைமீது நின்று மேற்கே பார்க்கும்போது சூரியன் நமக்கு முதுகுப் புறத்தில் இருப்பதால், பறவையின் வர்ணம் உள்ளபடி தெரியும். மாலையில் அதே கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தோன்றும்.

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி, அதாவது ஐப்பசி பிறந்த சில தினங்களில், ஆரம்பமாகிறது; தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகையால் சரத்காலத்து ஏரிக்கு இரண்டு முகங்கள் உண்டு. மழைக்கு முன் நீர் சுருங்கிச் சேறு அகன்று கிடக்கும் ஏரி, வடக்கேயிருந்து வரும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் உரியது. அவற்றில் முந்திக்கொண்டவை ஆடி, ஆவணியிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. மழைக்குப் பின் நிரம்பித் ததும்பும் ஏரி வாத்துகளுக்கு உரியது. இரண்டையும் ஒரே காலையில் பார்க்க ஆசைப்படுவது நியாயமில்லை.

இனிக் கூட்டத்தைப் பற்றி. பத்துப் பேர் சேர்ந்து போவது நலம். பதினைந்துக்கு மேற்பட்டால் அது ஊர்வலமாகிவிடும். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால் நடக்க, குழந்தைகளும் உயரம் குறைந்தவர்களும் அவருக்கு அடுத்தாற்போலவும், நெடிய ஆசாமிகள் பின்னாலும் வரவேண்டும். எந்தக் கூட்டத்திலும் ஓயாமல் பேசும் பிரகிருதி ஒருவர் இருந்தே தீருவார்; குறிப்பேடும் பென்சிலும் அவர் கையில் கொடுத்து எழுதும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் பாதி அமைதி கிடைத்துவிடும். வெள்ளை வேஷ்டி, சிவப்புச் சேலை, வர்ணக் குடை ஆகியவற்றை அன்றைக்கு மட்டும் வீட்டில் விட்டுவிட்டு, காவி, பழுப்பு, மங்கிய பச்சை போன்ற உடைகளை அணிவது உத்தமம். பறவையைக் காட்டுவதற்காகக் கையை உயர்த்தி நீட்டுவது பெரும் பிசகு; நீட்டிய கையைக் கண்டதும் அது பறந்துவிடும். "இரட்டைப் பனைக்கு இடப்பக்கம், கோரைப் புதருக்கு ஒரு பாகம் முன்னால்" என்று தாழ்ந்த குரலில் அடையாளம் சொல்லப் பழக வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் போதுமானது. அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிவிடும். பத்துப் பேருக்கு மூன்று பைனாகுலர்கள் இருந்தாலும், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்குக் கரையேறுங்கள். ஆழமான நீரில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் முக்குளிப்பானாகவே இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலத் தோன்றும், வாலே இல்லாத இந்தச் சிறு பறவை, நாம் அதைப் பார்த்துப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வதற்குள் மறைந்து, எதிர்பாராத வேறோர் இடத்தில் மேலே வரும். அது மூழ்கியவுடன் எண்ணத் தொடங்கி, மறுபடி தோன்றும் இடத்தை ஊகிக்கும்படி குழந்தைகளிடம் சொன்னால், அந்த இடத்தை விட்டு அவர்களைக் கிளப்புவதுதான் பின்பு கஷ்டமாகிவிடும். நெற்றியில் வெள்ளைப் பட்டை தீட்டிய கறுத்த மேனியுடன் கூட்டங்கூட்டமாக மிதப்பவை நாமக்கோழிகள். அவற்றின் காலில் வாத்தைப் போல முழுச் சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலின் இரு புறமும் மடல் மடலாகத் தோல் விரிந்திருக்கும். பறக்க எழும்போது அவை தண்ணீரின் மேல் வெகு தூரம் தடதடவென்று ஓடிய பிறகே மேலெழும்ப முடிகிறது. நெற்றியும் அலகும் சிவந்து, அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் அது தாழைக்கோழி. கோரை ஓரத்தை விட்டு அது அதிக தூரம் வருவதில்லை. உடல் முழுதும் நீருக்குள் அமிழ, கழுத்து மட்டும் பாம்பைப் போல் மேலே நெளிந்து செல்வது பாம்புத்தாரா. நீரில் பட்டுப்போய் நிற்கும் கருவேலங் கிளைகளில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பவை நீர்க்காகங்கள்.

அல்லியும் ஆகாயத் தாமரையும் படர்ந்த பகுதியில் இலைக்கோழியைத் தேட வேண்டும். இதைப் பற்றிப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், வளைந்த நீண்ட வாலும் பொன்னிறப் பிடரியும் கொண்ட பறவையை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். நீளவால் இலைக்கோழியின் அந்த அலங்காரம் இனப்பெருக்க காலத்தோடு சரி; சரத்காலத்தில் வால் உதிர்ந்து, மேனி பழுப்பேறி, மார்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு மட்டும் மாலை போல் மிஞ்சியிருக்கும். மெலிந்த நீண்ட விரல்களால் பாரத்தைப் பரப்பி, மிதக்கும் இலைமேல் அது நடந்து போகும் நேர்த்தியைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ள வேண்டியதுதான். இந்த இனத்தில் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண். பெண் ஒரு கூட்டில் முட்டையிட்டுவிட்டு வேறோர் ஆணைத் தேடிப் போய்விடும். கூட்டத்தில் பெண்மணிகள் இருந்தால் இந்தச் செய்தியை நிறுத்திச் சொல்லலாம். அதற்கு நல்ல வரவேற்பு உண்டு.

மதகுக்கு வந்ததும் சற்று உட்காருவது வழக்கம். மதகுத் தூணின் மேலும், அருகிலுள்ள மின்கம்பியின் மேலும் மீன்கொத்திகளுக்கு நிரந்தர ஆசனம் உண்டு. வெண்மார்பு மீன்கொத்தி பெயருக்குத்தான் மீன்கொத்தி. தவளை, ஓணான், வெட்டுக்கிளி எதுவும் அதற்குச் சம்மதமே. கறுப்பும் வெளுப்பும் கலந்த மீன்கொத்தியோ அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்துத் தலைகீழாக நீரில் விழும். அது அப்படி நிற்கும்போது யாரும் மூச்சுக்கூட விடுவதில்லை. மதகுக்குக் கிழக்கே திரும்பினால் ஆயக்கட்டு நிலங்கள். உழவு நடக்கும் வயலில் ஏருக்குப் பின்னாலோ டிராக்டருக்குப் பின்னாலோ வெள்ளைக் கொக்குகள் நடந்து போவதைக் காணலாம். மஞ்சள் அலகும் கட்டையான கழுத்தும் உண்ணிக்கொக்குக்கு உரியவை. கறுத்த அலகும், கறுத்த காலின் அடியில் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. பார்வைக்குக் கொக்குகளுக்குள் பேதம் காண்பது கடினம் என்று சொல்பவர்கள் பாதத்தைப் பார்ப்பதில்லை. அலகின் இரு பாதிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் சாம்பல் வெள்ளை நாரை, நத்தை குத்தி. வரப்பில் மண்ணோடு மண்ணாகக் குந்தியிருக்கும் மடையானை, பத்துப் பேரும் தாண்டிச் சென்ற பிறகுதான் கடைசியில் வருபவர் கண்டுபிடிப்பார். எழுந்து பறக்கும் அந்த ஒரு கணத்தில் பழுப்புப் பறவை முழுதும் வெள்ளையாகி, இறங்கியதும் மீண்டும் மண்ணாகிவிடும்.

கலங்கல் பக்கத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பி மறுகால் பாயும் நாட்களில் மட்டும், பாயும் நீரை எதிர்த்து ஏறும் மீனுக்காகச் சாம்பல் நாரையும் வெண்கொக்கும் கலங்கற் கற்களின் மேல் வரிசையாகக் காத்திருக்கும். அதற்கடுத்த புதரில் பழுப்புக் கீச்சான் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டிய இக்குருவி, வட ஆசியாவிலிருந்து புரட்டாசி வாக்கில் வந்து, ஒரு புதரைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, அண்டினவர்களையெல்லாம் கரகரத்த குரலில் ஏசிக்கொண்டிருக்கும். அதிகாலையிலும் அந்தியிலும் தோப்பிலிருந்து இருமுறை அழுத்திக் கூவும் குரல் கேட்டால் அது ஆறுமணிக் குருவி. வடக்கேயிருந்து இதே மாதத்தில் வரும் அது, சில சமயம் களைத்துப் போய் வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெளிந்ததும் தோப்போரத்தில் விட்டுவிட வேண்டும்.

இந்த நடையின் சாரம் மேற்குப் பக்கத்துச் சேற்றில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடுவதால் பலர் அவசரப்படுவார்கள். அவசரப்படுகிறவர்களுக்கு அது வெறுஞ் சேறு. புல்தரையின் விளிம்பில், சூரியனைப் பின்னுக்கோ பக்கத்துக்கோ விட்டு, பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் சேறு தானாக நகரத் தொடங்கும். முதலில் பவளக்காலி, ரோஜா நிறக் கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளமாதலால் தப்பவே தப்பாது. அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் உள்ளான்கள் மூவகை சாதாரணமாகக் கிடைக்கும். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி தெளித்து, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவமும் மஞ்சள் கலந்த கால்களும் கொண்டது பொரி உள்ளான். அதைவிடக் கறுத்த முதுகும், பறக்கும்போது பளிச்சென்று வெள்ளைப் பிட்டமும் காட்டுவது, பெரும்பாலும் தனியே வாய்க்காலோரத்தில் மேயும் இன்னொன்று. மூன்றாவதான சாதாரண உள்ளான் நின்ற இடத்தில் பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். மார்பின் பழுப்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை நிறம் தோள்வரை ஏறியிருக்கும். பறக்கும்போது சிறகை விறைப்பாகத் தாழ்த்தி, நீர்மட்டத்தை ஒட்டியே செல்லும். இம்மூன்றையும் ஒரே சேற்றில் ஒருசேரப் பார்த்துப் பேதம் சொல்லக் கற்றவருக்கு மற்ற உள்ளான்கள் பயமுறுத்துவதில்லை. வேகமாக ஓடிச் சட்டென்று நின்று, மறுபடி ஓடுவது பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையத்தைக் கவனியுங்கள். காலடியிலிருந்து கிறீச்சென்று கிளம்பி, கோணல் மாணலாகப் பறந்து மறைவது விசிறிவால் உள்ளானா, ஊசிவால் உள்ளானா என்று வாதாடுவது வீண். விசிறிவாலின் சிறகுப் பின்விளிம்பில் உள்ள வெள்ளைக் கோடு கண்ணில் பட்டாலொழிய, அந்த ஒரு கணத்தில் நிச்சயம் சொல்வது கடினமான ஜோடி அது. இரண்டில் ஒன்று என்று எழுதிக்கொண்டு நடக்கலாம்.

வாத்துகளில் நம் நாட்டுக் குடிகளை அறிவது எளிது. அலகின் நுனி மஞ்சளாக இருப்பது புள்ளிமூக்கு வாத்து. பறக்கும்போது சீழ்க்கையடிப்பது சீழ்க்கைச் சிறகி. வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவற்றில்தான் புதியவர்களுக்குத் திகைப்பு உண்டாகிறது. புத்தகத்தில் ஆண் வாத்து சர்வாலங்கார பூஷிதனாக அச்சிடப்பட்டிருக்கும். ஐப்பசி ஏரியிலோ எல்லாம் ஒரே மங்கிய பழுப்பு. காரணம் இதுதான்: இனப்பெருக்கம் முடிந்தவுடன் ஆண் வாத்து தன் சிறகிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்து, சில வாரம் பறக்க இயலாமல் கிடக்கும் ஆபத்தான காலத்தில், பெண்ணைப் போன்ற மங்கிய உடையை அணிந்துகொள்கிறது, புதிய சிறகு முளைத்து நம்மிடம் வந்து சேரும்போதும் அந்த வேஷம் முழுதும் கலைவதில்லை. ஊசிவால் வாத்து மார்கழிக்குள் தன் அழகைத் திரும்பப் பெறுகிறது. நீலச்சிறகி இன்னும் தாமதம். ஆகவே சரத்காலத்தில் வர்ணத்தை நம்பாமல் வடிவத்தை நம்ப வேண்டும்: நீண்டு மெலிந்த கழுத்தும் கூரிய வாலும் ஊசிவாலுக்கு, கரண்டி போல் அகன்ற அலகு தட்டைவாயனுக்கு, சிறிய உடலும் புருவக் கோடும் நீலச்சிறகிக்கு. பகலில் இவை பெரும்பாலும் உறங்கி, இரவில் வயல்களுக்குப் போய் மேய்வதால், தலையை முதுகில் செருகிய உருண்டைகளாகத்தான் காட்சியளிக்கும். கல்லெறிந்து எழுப்பிப் பார்க்க நினைக்கும் வாலிபர்களை அவ்விடமே கண்டிக்க வேண்டும்.

எழுப்புகிற வேலையைச் சேற்றுப் பூனைப்பருந்து செய்துகொள்ளும். கோரைக்கு மேலே தாழ்வாக, சிறகை இரு பக்கமும் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அது மெல்ல வட்டமிட ஆரம்பித்ததும், சிதறிக் கிடந்த நாமக்கோழிகள் நெருங்கி நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாகச் சேர்ந்துகொள்வதையும், உள்ளான்கள் ஒரே வீச்சாக எழுந்து வெள்ளையும் கறுப்புமாகத் திரும்புவதையும் காணலாம். எண்ணிக்கை எடுப்பதற்கு அதுவே தக்க தருணம். ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் தோல்விதான். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவாக மீதியை அளந்துகொண்டே போக வேண்டும். மூவர் தனித்தனியே எண்ணிச் சொன்னதில் நடுத் தொகையை எழுதுவது என் வழக்கம். பெரிய மீனைக் கால்களில் தலை முன்னாகப் பிடித்துக்கொண்டு ஒரு பருந்து கடந்து போனால் அது விராலடிப்பான். வழுக்கும் மீனைப் பற்றுவதற்கென்று அதன் பாதத்தில் முட்கள் உண்டு, வெளி விரலைப் பின்னுக்கும் திருப்ப முடியும்.

எச்சரிக்கைகள் சில. மழைக்குப் பிந்திய சேறு ஆளை இழுக்கும். மாட்டின் குளம்படி இல்லாத இடத்தில் காலை வைக்க வேண்டாம். இடி கேட்டால் கரையை விட்டு உடனே இறங்கிவிட வேண்டும். கோரைக்குள் கண்ணி வலையையோ, காலைக் கட்டிப்போட்ட கொக்கையோ கண்டால், வைத்தவரைத் தேடி வாக்குவாதத்தில் இறங்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இறந்த பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால், அதன் எண்ணையும் தேதியையும் இடத்தையும் 1883 முதல் இயங்கிவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். மாடு மேய்ப்பவரிடமும் மீன் குத்தகைக்காரரிடமும் இரண்டு வார்த்தை விசாரிக்காமல் எந்த ஏரியையும் விட்டு வரக்கூடாது. எந்த மூலையில் எந்த வாரத்தில் வாத்து இறங்கிற்று என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஏரிக்கு மழைக்கு முன் ஒரு தடவையும், கார்த்திகைக் கடைசியில் இன்னொரு தடவையும் போய்வாருங்கள். அப்பொழுது கைவசமாகும் இரண்டு பட்டியல்கள், 1987 முதல் ஜனவரிதோறும் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் சேர்ந்துகொள்வதற்குப் போதிய பயிற்சியாகும். பட்டியலின் முதல் வரியில் ஏரியின் பெயரையும் தேதியையும் எழுதுகிறவர்கள், மதகுக் கல்லில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதையும் அதே வரியில் எழுத மறக்க வேண்டாம்.